நாட்டு அல்லி வளர்ப்பு: கிழங்கு தேடுவதிலிருந்து குளத்தில் இறக்கும் வரை

நர்சரியில் போய் அல்லி வேண்டும் என்று கேட்டால், கிடைப்பது பெரும்பாலும் நம் ஏரிகளில் பூக்கும் அல்லியாக இருக்காது. தாய்லாந்திலும் அமெரிக்காவிலும் கலந்து உருவாக்கிய ரகங்கள்தான் அங்கே தொட்டி தொட்டியாக மிதக்கும். அவையும் அழகுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஏரி, கண்மாய், குட்டை, வயல் ஓரப் பள்ளம் என்று தானாக முளைத்து வந்த அல்லியை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த ரகங்களுக்கான வளர்ப்புக் குறிப்புகள் பாதிதான் பொருந்தும்.

காரணம் எளிது. நாட்டு அல்லி, நிறைந்து வற்றும் நீர்நிலையின் செடி. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிறையும்போது இலை விட்டு, தை மாசியில் பூத்துக் காய்த்து, கோடையில் சேறு வெடிக்கும்போது கிழங்காகவும் விதையாகவும் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். அடுத்த மழைக்கு மறுபடி எழும். மண், ஆழம், உரம், ஓய்வு என்று கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் 'ஏரியில் இந்த மாதம் என்ன நடந்துகொண்டிருக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அல்லி, ஆம்பல், குவளை, நெய்தல், செங்கழுநீர், நீலோற்பலம் என்று பெயர்கள் ஏராளம். ஊருக்கு ஊர், நூலுக்கு நூல் மாறும். பெயரை வைத்துக்கொண்டு செடியைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். செடியைத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

தாமரையை முதலில் ஒதுக்கிவிடலாம். தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில் சேரும், பெரும்பாலான இலைகள் தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும், நீர் அதன்மேல் ஒட்டாமல் உருளும். அல்லி இலையில் காம்பு சேரும் இடம்வரை ஒரு வெட்டு இருக்கும், இலை நீர்மேல் படிந்து மிதக்கும்.

அல்லிகளுக்குள் இரண்டு முக்கியம்.

பகலில் பூப்பது நிம்ஃபேயா நௌச்சாலி. நீலம், வெளிர் ஊதா, சில இடங்களில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. காலையில் விரிந்து பிற்பகலில் மூடும். இலையின் ஓரம் மழுப்பலாக அலை அலையாக இருக்கும், அடிப்பக்கம் வழுவழுப்பு, பெரும்பாலும் ஊதா படர்ந்திருக்கும். 1986-ல் இலங்கை தன் தேசிய மலராக அறிவித்தது இந்த நீல அல்லியைத்தான்.

இரவில் பூப்பது நிம்ஃபேயா புபெசென்ஸ். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. பொழுது சாய்ந்ததும் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடிக்கொள்ளும். காலை நடையில் ஏரியைத் தாண்டும்போது 'வெள்ளை அல்லி பூத்திருக்கிறது' என்று நாம் பார்ப்பது முந்தின இரவு விரிந்த பூவைத்தான். இதை உறுதி செய்ய ஒரு இலையைப் புரட்டி விரலால் தடவிப் பாருங்கள். மென்மையான பூனைமயிர் போல் மொசமொசவென்று இருக்கும், நரம்புகள் விரலுக்குத் தட்டுப்படும்படி புடைத்து நிற்கும். இலை ஓரத்தில் கூர்மையான பற்கள். பூ இல்லாத காலத்திலும் இந்த ஒரு சோதனை போதும், நீல அல்லியையும் இதையும் பிரித்துவிடலாம். இலையே செம்பு நிறமாக, பூ அடர்சிவப்பாக இருந்தால் அது நிம்ஃபேயா ரூப்ரா என்று சொல்லப்படும் செவ்வல்லி. அதுவும் இரவுப் பூதான்.

மூன்றாவதாக ஒன்று அடிக்கடி 'குட்டி அல்லி' என்ற பெயரில் விற்கப்படும். இலை சின்ன அல்லி இலை மாதிரியே இருக்கும், பூவோ ஐந்து இதழும் ஓரமெல்லாம் பஞ்சு இழை போன்ற தும்புகளுமாக ஒரு ரூபாய் நாணயம் அளவில் வெள்ளையாக இருக்கும். நிம்ஃபாய்டிஸ் இனம். இதுவும் நம் மண்ணின் செடிதான், ஆனால் அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. சின்னத் தொட்டி மட்டுமே வைக்க இடம் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கலப்பு ரகத்தைக் கண்டுபிடிக்க நல்ல அடையாளம் ஒன்று உண்டு. இலையின் நடுவில், காம்பு சேரும் இடத்தில் குட்டிச் செடி முளைத்தால் அது நாட்டு நீல அல்லி இல்லை. அந்தக் குணம் ஆப்பிரிக்க இனம் ஒன்றின் வழியாகக் கலப்பினங்களுக்கு வந்தது. இலைமேல் பெரிய மரூன் திட்டுகள், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பூ என்றாலும் வெளியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து எடுப்பது

ஏரிக்குள் இறங்கிப் பிடுங்கி வருவதை முதல் வழியாக வைக்காதீர்கள். பறவைகள் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் எதையும் எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். வேடந்தாங்கல், பள்ளிக்கரணை போன்ற இடங்களில் ஒரு கிழங்கைக்கூடத் தொடக் கூடாது. மற்ற ஏரிகள் பொதுச் சொத்து. அங்கேயும் ஆழம் தெரியாமல் சேற்றில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. அல்லிக் காம்புகள் காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவர்களுக்கே சிரமம்.

சரியான வழிகள் மூன்று. ஏற்கெனவே வளர்ப்பவரிடம் ஒரு கன்று கேட்பது. சொந்தக் குட்டை அல்லது வயல் பள்ளம் வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டு, கோடையில் தண்ணீர் வற்றியதும் மண்ணைக் கிளறி இரண்டு மூன்று கிழங்கு எடுப்பது. அல்லது ஒரு காய் மட்டும் வாங்கி விதையிலிருந்து ஆரம்பிப்பது. விதைதான் எனக்குப் பிடித்த வழி. தாய்ச் செடிக்கு ஒரு சேதமும் இல்லை. ஒரே காயில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். முளைத்து வரும் செடிகளும் ஒன்றுபோல் இருக்காது.

முடிந்தவரை உங்கள் வட்டாரத்துச் செடியையே எடுங்கள், பின்னால் குளத்தில் விடும் எண்ணம் இருந்தால் இது கட்டாயம்.

வாங்கி வந்த செடியை நேராகத் தொட்டியில் போடாமல் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்திருங்கள். காம்பில் கண்ணாடிக் கூழ் மாதிரி ஒட்டியிருப்பது நத்தை முட்டை. வேரில் சிக்கியிருக்கும் ஒரு துண்டு ஆகாயத்தாமரை, நான்கைந்து நீர்ப்பாசி இலை இவைதான் பின்னால் தலைவலியாகும்.

தொட்டியும் மண்ணும்

அல்லிக்கு அகலம் முக்கியம், ஆழம் அடுத்தது. நீல அல்லிக்குக் குறைந்தது 60 செ.மீ. குறுக்களவும் 40 முதல் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி வேண்டும். இரவு அல்லி பரந்து படரும், அதற்கு ஒரு மீட்டர் அகலம் கொடுத்தால்தான் குணம் காட்டும். பிளாஸ்டிக் டப், சிமெண்ட் உறை, தார்ப்பாய் விரித்த பள்ளம் எதுவானாலும் சரி. புதுச் சிமெண்ட் தொட்டியென்றால் தண்ணீர் நிரப்பி, சில நாள் விட்டுக் கொட்டி, மறுபடி நிரப்பி என்று சில வாரம் செய்துவிட்டு வையுங்கள். சுண்ணாம்புக் காரம் இறங்காமல் வைத்தால் மீன் தாங்காது.

மாடியில் வைப்பவர்கள் எடையைக் கணக்குப் போட்டுவிட்டு வையுங்கள். 60 செ.மீ. அகலத் தொட்டியில் 45 செ.மீ. நிரப்பினால் கிட்டத்தட்ட 127 லிட்டர், ஈரமண்ணோடு சேர்த்தால் ஒன்றரை நூறு கிலோவைத் தாண்டும். தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர் அல்லது உத்தரத்துக்கு மேலே வருமாறு வையுங்கள். நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டிமேல் கம்பி வலை போடாமல் தண்ணீர் நிரப்பவே வேண்டாம்.

மண் விஷயத்தில்தான் தோட்டக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மாடித்தோட்டத்துக்கென்று விற்கும் கலவை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் எல்லாம் இங்கே வேண்டாம். நார் மிதக்கும், மட்காத பொருள் தண்ணீருக்கடியில் அழுகும், தண்ணீர் டீ நிறமாகி நாற்றமடிக்கும். வேண்டியது கனமான களிமண். ஏரி வண்டல், கரம்பை, வயல் மண் எதுவானாலும் நல்லது. ஏரி மண் எடுக்க அனுமதி வேண்டும் என்பதால், அனுமதி பெற்று வண்டல் அடித்தவரிடம் இரண்டு சட்டி கேட்பது சுலபம். வயல் மண் என்றால் சமீபத்தில் களைக்கொல்லி தெளித்த வயலா என்று கேட்டுவிடுங்கள். களைக்கொல்லி மிச்சமிருந்தால் அல்லிக் கன்று மஞ்சளடித்து நின்றுவிடும்.

மண் சரியா என்று பார்க்க, ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டுங்கள். விரலளவு திரி திரிக்க வந்து, வளைத்தாலும் உடையாமல் நின்றால் போதும். பொலபொலவென்று உதிர்ந்தால் களி சேருங்கள். ரொம்பவே இறுகினால் நான்கில் ஒரு பங்கு ஆற்று மணல்.

தொட்டிக்குள் நேரடியாக மண் போடுவதா, அதற்குள் வேறொரு சட்டியில் நட்டு இறக்குவதா? நான் இரண்டாவதையே சொல்வேன். 30 முதல் 35 செ.மீ. அகலமுள்ள, ஓட்டை இல்லாத சட்டி, அதில் 10 லிட்டர் மண். பிரித்து நடவும், உரம் வைக்கவும், தொட்டி கழுவவும் சட்டியை மட்டும் தூக்கினால் போதும். மீன் மண்ணைக் கிளறித் தண்ணீரைக் கலக்குவதும் குறையும்.

சட்டியின் அடியில் ஒரு கை நன்றாக மட்கிய சாணம், ஒரு கைப்பிடி எலும்புத் தூள். அதன்மேல் களிமண். சாணம் பழையதாக, வாடை இல்லாமல் இருக்க வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் கிழங்கு வெந்துவிடும்.

கிழங்கு நடுவது

நீல அல்லிக் கிழங்கு உருண்டையாக, கறுப்பாக, வெளியே வேர்த் தழும்புகளோடு இருக்கும். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும். விரல் உள்ளே போனால் அது போய்விட்டது. எந்தப் பக்கம் மேல் என்று தெரியவில்லையா? ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வெளிச்சமான இடத்தில் போட்டு வையுங்கள். சூடான பருவத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு முனையில் இளஞ்சிவப்பாக முளை எட்டிப் பார்க்கும். அதுதான் மேல்.

சட்டி நிறைய மண் போட்டு, மேலே ஐந்து விரல்கடை இடம் விட்டு நனைத்துக் குழைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குழி பறித்து, முளை மண்மட்டத்துக்கு மேலே தெரியும்படி கிழங்கைப் பதியுங்கள். மண்ணைச் சுற்றிலும் அழுத்திவிட்டு, இரண்டு செ.மீ. கனத்துக்கு ஆற்று மணலோ சிறு கூழாங்கல்லோ பரப்புங்கள். முளையின்மேல் மட்டும் ஒன்றும் விழக் கூடாது.

இப்போது தண்ணீர். நட்ட அன்றே தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிடுவது பலரும் செய்வது. ஏரியில் அப்படி நடப்பதில்லை. முதல் மழையில் ஒரு சாண் தண்ணீர் நிற்கும், அதில் சூடு ஏறும், முளை எழும், பிறகுதான் மட்டம் உயரும். அதையே செய்யுங்கள். முதலில் மண்ணுக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. மட்டும். இலைகள் மேலே வந்து படிந்த பிறகு வாரத்துக்குக் கொஞ்சம் என்று ஏற்றி 25, 30 செ.மீ.க்குக் கொண்டு போங்கள். வளர்ந்த செடி இதைவிட ஆழத்தையும் தாங்கும், காம்பை நீட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். பெரிய தொட்டி இருந்து கன்று சின்னதாக இருந்தால் சட்டிக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தி, பிறகு ஒவ்வொரு செங்கலாக எடுப்பது எளிய வழி.

முதலில் வரும் இலைகள் மெல்லிசாக, அம்பு முனை வடிவில், தண்ணீருக்குள்ளேயே நிற்கும். பழுத்துப் போகிறதே என்று பதற வேண்டாம். அடுத்து வருபவைதான் மிதக்கும் இலைகள்.

விதையிலிருந்து வளர்க்க

பூ மூன்று நான்கு நாள் தொடர்ந்து திறந்து மூடும். முதல் நாள் திறந்த நீல அல்லியை நெருங்கிப் பாருங்கள். நடுவிலுள்ள கிண்ணத்தில் தெளிந்த திரவம் தேங்கி நிற்கும், சுற்றியுள்ள கேசரங்கள் இன்னும் மகரந்தம் உதிர்க்காது. அன்றைக்கு அது பெண் பூ. வேறொரு பூவிலிருந்து மகரந்தம் சுமந்து வரும் தேனீ அந்தத் திரவத்தில் வழுக்கி விழும், மகரந்தம் கழுவப்படும், சில சமயம் தேனீ வெளியேற முடியாமல் அங்கேயே செத்துக் கிடக்கும். மறுநாள் திரவம் வற்றியிருக்கும், கேசரங்கள் மகரந்தம் உதிர்க்கத் தொடங்கும், அதே பூ ஆணாகிவிடும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது.

கடைசியாக மூடியதும் காம்பு வளைந்து பூவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் அங்கேதான் முற்றும். சில வாரங்களில் காய் உப்பி, தொட்டால் மெத்தென்று ஆகும். அப்போது ஒரு மெல்லிய துணிப் பையையோ பழைய வலைத் துணியையோ காயின்மேல் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு காலையில் காய் வெடித்து, கூழில் பொதிந்த விதைகள் தொட்டி முழுக்க மிதக்கும். அந்தக் கூழில் காற்று இருப்பதால்தான் விதை மிதக்கிறது. கொஞ்ச நேரம் அங்கே இங்கே அலைந்து, கூழ் கரைந்ததும் அடியில் இறங்கிவிடும். ஏரியில் அல்லி பரவுவது இப்படித்தான்.

பிடித்த விதைகளை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு வைத்துக் கூழ் கழன்றதும் வடிகட்டுங்கள். கடுகைவிடச் சின்னதாக இருக்கும். உடனே விதைப்பது நல்லது. முடியாவிட்டால் நிழலில் உலர்த்தி வைக்கலாம், வற்றிய ஏரிச் சேற்றில் காய்ந்து கிடந்து முளைக்கும் பழக்கம் அதற்கு உண்டு.

ஆழமில்லாத தட்டில் சலித்த களிமண்ணை நான்கு விரல் உயரம் பரப்பி, விதையைத் தூவி, மூடியும் மூடாமலும் மணல் தெளியுங்கள். மேலே இரண்டு மூன்று செ.மீ. தண்ணீர், ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். வெயில் படும் இடத்தில் வையுங்கள். வெதுவெதுப்பும் வெளிச்சமும் இருந்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் நூல் மாதிரிப் பச்சை தெரியும். இந்தக் கட்டத்தில் எதிரி பாசிதான். இழைப் பாசி தட்டில் படர்ந்தால் ஒரு தீக்குச்சியில் சுருட்டி எடுத்துவிடுங்கள், மருந்து எதுவும் வேண்டாம். நத்தை ஒன்று இருந்தாலும் ஒரே ராத்திரியில் தட்டு காலியாகிவிடும். மூன்று நான்கு மிதக்கும் இலை வந்ததும் சின்னச் சட்டிக்கு மாற்றி, அது நிறைந்ததும் பெரிய சட்டிக்கு. முதல் பூவுக்குச் சில மாதம் ஆகும். அவசரக்காரர்கள் கிழங்கோடு ஆரம்பிப்பது நல்லது.

வெயில், தண்ணீர், உரம்

நேரடி வெயில் ஐந்து ஆறு மணி நேரம் கட்டாயம். மூன்று மணி நேரத்துக்குக் கீழே போனால் இலை மட்டும்தான் இருக்கும், பூ இருக்காது. கறுப்புத் தொட்டியை மொட்டை மாடியில் வைத்தால் சித்திரை வெயிலில் தண்ணீர் கை வைக்க முடியாத சூடாகும். வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோ சாக்கு சுற்றியோ விடுங்கள்.

அல்லி இலையில் மூச்சுத் துளைகள் மேல்புறத்தில் இருக்கின்றன. தரைச் செடிகளில் பெரும்பாலும் அடிப்புறத்தில் இருக்கும், இங்கே அடிப்புறம் தண்ணீரில் கிடப்பதால் மேலே மாறிவிட்டது. அதனால் நீரூற்று, சலசலவென்று விழும் குழாய், தினமும் இலைமேல் தெளிப்பது எதுவும் அதற்குப் பிடிக்காது. தண்ணீர் விடுவதானால் தொட்டியோரத்தில், சத்தமில்லாமல். ஆவியாகிக் குறைந்ததை மட்டும் நிரப்பினால் போதும். மழைநீர் சிறந்தது, உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் மட்டும் வேண்டாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை மீன் உள்ள தொட்டியில் ஊற்றுவதற்கு முன் ஒரு நாள் வாளியில் வைத்திருங்கள்.

புதுத் தொட்டியில் தண்ணீர் சில வாரம் பச்சைப் பசேலென்று இருக்கும். எல்லோரும் இந்த இடத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். அதனால் கோளாறு தீராது, புதுத் தண்ணீரோடு பாசிக்குப் புதுச் சத்தும் வந்து சேரும். அப்படியே விடுங்கள். அல்லி இலைகள் பாதிக்கு மேல் பரப்பை மூடியதும் வெளிச்சம் குறைந்து பாசி தானாக அடங்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வெறுமையாகத் தெரிவது சரியான அளவு, முழுக்க மூடினால் பழைய இலைகளைக் கழித்துவிடுங்கள்.

உரத்தைத் தண்ணீரில் கரைக்கவே கூடாது. களிமண்ணில் ஒரு தேக்கரண்டி எலும்புத் தூளையோ மெதுவாகக் கரையும் குருணை உரத்தையோ பொதிந்து எலுமிச்சையளவு உருண்டை பிடித்து, காய்ந்ததும் கிழங்கிலிருந்து நாலு விரல் தள்ளிச் சேற்றுக்குள் ஆழமாக அழுத்திவிடுங்கள். இலை வளரும் காலத்தில் மாதம் ஒன்று போதும். இலைகள் சின்னதாகிக்கொண்டே வந்தால் பசி, இலை பெரிதாகிப் பூ வராவிட்டால் வெயில் போதவில்லை. இந்த இரண்டையும் பார்த்தாலே தொட்டி என்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

கொசு, பூச்சி, நத்தை

தொட்டித் தண்ணீர் என்றதும் வீட்டில் முதலில் கேட்பது கொசு. கேள்வி நியாயமானது, அதற்கான விடை மீன். கப்பி, கம்பூசியா இரண்டையும்தான் எல்லோரும் விடுவார்கள், இரண்டுமே அமெரிக்கக் கண்டத்து மீன்கள். மழையில் தொட்டி நிரம்பி வழிந்து வாய்க்காலுக்குப் போனால் அங்குள்ள சிறு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் அவை காலி செய்யும். நாட்டு மீனே இந்த வேலையைச் செய்யும். வயல் வாய்க்காலில் தண்ணீர்ப் பரப்பை ஒட்டியே நீந்தும், தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் விரலளவு மீனைப் பார்த்திருப்பீர்கள். அதில் நான்கைந்து ஒரு தொட்டிக்குப் போதும். தட்டான் முட்டையிட வந்தால் விரட்டாதீர்கள், அதன் இளம்பருவம் கொசுப்புழுவைத் தின்றே வளர்கிறது.

அசுவினி கூட்டமாக இலைமேலும் மொட்டிலும் மொய்த்தால் குழாய்த் தண்ணீரை விசிறி அடித்து விழவையுங்கள், மீன் தின்றுவிடும். இலையை ஒரு இரவு வலை போட்டுத் தண்ணீருக்குள் அமுக்கி வைப்பதும் பலன் தரும். இலையிலிருந்து அழகாக நீள்வட்டத் துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருந்தால் அது ஒரு அந்துப்பூச்சிப் புழுவின் வேலை. வெட்டிய துண்டை இரண்டாக ஒட்டி அதற்குள் படுத்துக்கொண்டு மிதக்கும். அந்தத் துண்டுகளைக் கையால் பொறுக்கிவிட்டாலே போதும். பூச்சிமருந்து வேண்டாம், வேப்பெண்ணெய்கூடத் தொட்டி மீனுக்கு ஆகாது.

மஞ்சளான இலைகளை அடியோடு, காம்பு கிழங்கில் சேரும் இடம்வரை கையை விட்டுப் பிடுங்குங்கள். பாதியில் ஒடித்தால் மிச்சக் காம்பு அழுகும்.

கோடை ஓய்வு

தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் நாட்டு அல்லி ஆண்டு முழுவதும்கூட இலையும் பூவுமாக இருக்கும். ஓய்வு கட்டாயமில்லை. ஆனால் கிழங்கு வேண்டுமென்றால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பங்குனியில் உரத்தை நிறுத்தி, சித்திரையில் தண்ணீரை நிரப்புவதை நிறுத்துங்கள். மட்டம் இறங்க இறங்க இலைகள் சிறுத்து உதிரும், செடி தன் சத்தைக் கிழங்குக்கு இறக்கும்.

ஏரிச் சேறு மேலே வெடித்தாலும் அடியில் ஈரம் இருக்கும். பத்து லிட்டர் சட்டிக்கு அந்த வசதி கிடையாது, வெயிலில் விட்டால் சுட்ட செங்கலாகிவிடும். அதனால் மண் குழைவாக ஆனதும் சட்டியை நிழலுக்கு மாற்றி, ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். கிழங்கைத் தோண்டி ஈர மணலில் வைப்பதும் உண்டு, எலி தொடாத இடமாகப் பாருங்கள். முதல் நல்ல மழை வந்ததும் பழைய மண்ணைக் கொட்டிப் புதுக் களிமண்ணில் நடுங்கள். தாய்க் கிழங்கைச் சுற்றிக் குட்டிகள் இருந்தால் பிரித்துத் தனித்தனியாக வைக்கலாம். முளைத்த கன்றைக் கிழங்கிலிருந்து மெதுவாகக் கிள்ளி எடுத்தால் அது தன் வேரில் நிற்கும், கிழங்கு இன்னொரு கன்று விடும்.

குளத்தில் இறக்குவது

தொட்டியில் பெருகிய அல்லியை ஊர்க் குளத்தில் விட வேண்டும் என்ற ஆசை வரும். செய்யலாம், ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

அந்தக் குளத்தில் ஏற்கெனவே அல்லி இருக்கிறதா? இருந்தால் நீங்கள் ஒன்றும் சேர்க்க வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றுங்கள். ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறதா? தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் களை இருக்கும்வரை அல்லிக்கு வெளிச்சம் கிடைக்காது. அதை வேரோடு வாரிக் கரையில் நீருக்கு எட்டாத தூரத்தில் குவித்த பிறகுதான் மற்ற வேலை. சாக்கடை கலக்கும் குளத்தில் அது திரும்பத் திரும்ப வரும். அங்கே முதல் வேலை சாக்கடையைத் திருப்புவது. புல்கெண்டை மீன் வளர்க்கிறார்களா? அல்லி இளம் இலை அதற்கு விருந்து. குத்தகைக்கு எடுத்தவரிடம் பேசாமல் நட்டால் உங்களுக்கும் வருத்தம், அவருக்கும் தொல்லை. எந்தப் பொதுக் குளமானாலும் ஊராட்சியிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கலப்பு ரகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் குளத்தில் விடாதீர்கள்.

காலம்: பருவமழைக்குச் சற்று முன்னால், கரையோரத்தில் ஒரு சாணிலிருந்து ஒரு முழம் வரை தண்ணீர் நிற்கும்போது. மட்டம் மெதுவாக ஏறினால் காம்பு அதோடு சேர்ந்து நீளும். திடீரென்று வெள்ளம் வந்து ஒரே இரவில் ஆள் உயரம் ஏறினால் இளம் கன்று மூழ்கிச் செத்துவிடும். அதனால் வரத்து வாய்க்கால் வாயிலிலும் மதகு அருகிலும் நட வேண்டாம், ஒதுக்குப்புறமான வளைவுகளைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு சிறிய சணல் சாக்கில் களிமண்ணும் கிழங்கும் வைத்து, முளை வெளியே தெரியும்படி ஒரு ஓட்டை விட்டுக் கட்டி, சேற்றில் பதித்துவிடுவது நல்ல உபாயம். கிழங்கு மிதந்து போகாது, வேர் பிடித்த பிறகு சாக்கு மட்கிவிடும். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். மாடும் எருமையும் இறங்கும் துறையாக இருந்தால் முதல் பருவத்துக்கு மட்டும் மூங்கில் குச்சி நட்டு அடைப்புக் கட்டுங்கள்.

எல்லாக் கிழங்கையும் ஒரே ஆண்டில் இறக்காமல் பாதியைத் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோடையில் குளம் முழுக்க வற்றினால் பயப்பட வேண்டாம். தூர்வாரும் இயந்திரம் வருகிறதா என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மேல் மண்ணோடு கிழங்கும் விதையும் லாரியில் ஏறிவிட்டால் மறு மழைக்கு முளைக்க ஒன்றும் இருக்காது. கரையோரத்தில் ஒரு பட்டையைத் தோண்டாமல் விடச் சொல்லிக் கேட்டாலே போதும், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டு மூன்று மழைக்காலம் தாண்டிப் படர்ந்த குளத்தில் இலைக்கோழி வர வாய்ப்புண்டு. நீண்ட விரல்களால் மிதக்கும் இலைமேல் நடந்து, அங்கேயே முட்டையிடும் பறவை. நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பது ஆண். அது முட்டையோடு இருக்கும் மாதங்களில் பூப் பறிக்கவோ களை வாரவோ அந்தப் பக்கம் இறங்காதீர்கள், வேலையைத் தண்ணீர் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.